துறைமுகம் எங்கப்பா?

போன கோடையில் என் தாய்மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். "அவ்வளவு தூரம் போறோம், பக்கத்துலதானே கடல்" என்று மனைவி ஆரம்பித்துவைத்த பேச்சு, தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்குவது என்று போய் முடிந்தது. நானும் சரி என்றேன். சரி என்றேன் என்பதுகூட அடக்கமாகச் சொல்வதுதான். அந்த ஊரைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்தால் விடாதவன் நான். கல்லூரி நாட்களில் ஒரு முறையும் அப்புறம் அலுவலக நண்பர்களோடு ஒரு முறையும் அங்கே போயிருக்கிறேன். இரண்டு தடவையும் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை மதில்மேல் நின்றுகொண்டு, "ஒரு காலத்துல எப்பேர்ப்பட்ட துறைமுகம் தெரியுமா? இப்ப செத்துப்போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். இந்த முறை அதைக் கேட்க மாட்டிக்கொண்டவள் என் மகள். பத்து வயது.

ஊருக்குள் நுழையும் வாசலிலேயே என் பேச்சு தொடங்கிவிட்டது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர், டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே யெத்தே, டேனிஷ்காரர்கள் இங்கே காலூன்றிய 1620 நவம்பர் ஒப்பந்தம், கோபன்ஹேகனில் இன்னும் பத்திரமாக இருக்கும் பொன்னோலை, 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயனிடம் விற்றுவிட்டுப் போனது. என் மனைவிக்கு இது மூன்றாவது தடவை. அவள் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கோட்டைக்குள்ளேயே வரவில்லை. "எவனோ கட்டினதை நான் ஏன் படியேறிப் பாக்கணும்" என்று மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய்விட்டார். 1305வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மீதிக்குக் கல்லைக் கொட்டிக் காவல் வைத்திருக்கிறார்கள்.

மதிலிலிருந்து கடலைக் காட்டி, "இங்கதான் கப்பல் எல்லாம் வந்து நிக்கும்" என்றேன். மகள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் பார்த்தாள், அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"துறைமுகம் எங்கப்பா?"

"இதுதாம்மா."

"இது பீச்சு."

அவள் சொன்னதில் தப்பில்லை. வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் நேர்கோடு போட்டதுபோல் மணல். ஒரு வளைவு இல்லை, ஒரு குடா இல்லை. நடுவில் வெள்ளை வெள்ளையாய் அலை உடைந்துகொண்டிருக்கிறது. "துறைமுகம்னா சுவர் இருக்கும்ல, உள்ள தண்ணி ஆடாம இருக்கும்ல?" என்றாள். சென்னையில் ராயபுரம் பக்கம் போகும்போது பார்த்த ஞாபகம். நான் சமாளித்தேன். "நானூறு வருஷம் ஆச்சுல்ல, கடல் கொண்டுபோயிருக்கும்." அவள் விடவில்லை. "கோட்டை மட்டும் அப்படியே இருக்கு. துறைமுகத்துல ஒரு கல்லுகூடவா மிஞ்சல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக 'செத்துப்போன துறைமுகம்' என்று சொல்லிவந்தவனுக்கு, அந்தப் பிணம் எங்கே என்று கேட்கத் தோன்றவே இல்லை.

வஞ்சிரம் வந்த வழி

மதியச் சாப்பாட்டில் இன்னொரு அடி விழுந்தது. கடலோரம் வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போவதா என்று நான் கிளம்ப, "அபிராமி சந்நிதியிலேருந்து வந்து ஒரு நாள்கூட ஆகல" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் மூவரும் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வஞ்சிரம் வறுவல் கேட்டேன். துண்டு பெரிதாக, கருவேப்பிலை தூவி, நன்றாகவே இருந்தது. "இன்னிக்குக் காலையில வந்ததா?" என்று பெருமையாகக் கேட்டேன். பரிமாறியவர், பொய் சொல்ல நேரம் இல்லாதவர் போல, "கேரளாவுலேருந்து வர்ற ஐஸ் மீன் சார். இப்ப தடைக்காலம்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

தடைக்காலம் எனக்குத் தெரியாதது இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61. மேற்குக் கரைக்குத் தடை ஜூனில்தான் தொடங்கும். ஆக, மே மாதத்தில் அரபிக்கடல் மீன் லாரி ஏறி வங்காள விரிகுடா ஓரத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால், 'கடலோரம் போய் அப்போதே பிடித்த மீன் சாப்பிடுவோம்' என்று கிளம்பும் நம் குடும்பங்களெல்லாம், பெரிய படகுகள் கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்துத்தான் போகின்றன. செய்தித்தாளில் வருடா வருடம் படிக்கிறோம். பயணச்சீட்டு எடுக்கும்போது அது நினைவுக்கு வருவதே இல்லை.

அதற்காகக் கரையில் மீனே இல்லை என்று இல்லை. சிறிய பைபர் படகுகளுக்குத் தடை கிடையாது. அதில் வந்த கவலையும் நெத்திலியும் கடைக்கு எதிரிலேயே கூடையில் இருந்தன. ஒரு அம்மா கோணியை நனைத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூடையைத் தாண்டித்தான் கடைக்குள் போயிருக்கிறேன். முள் அதிகம், துண்டு போட முடியாது என்ற எண்ணம். இராத்திரி அதையே வாங்கி, தங்கியிருந்த இடத்தில் கேட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அம்மா வாசனையை மட்டும் குறை சொன்னார்.

கப்பல் வராத பதினான்கு வருடம்

இங்கே ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் வைத்த அச்சுக்கூடம், பொறையாறு கடுதாசிப்பட்டறை எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விடுங்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த ஆள் எஸ்கில் கொங்ஸ்பக்கெ. டேனிஷ் கம்பெனி நொடித்துப்போய், ஊரிலிருந்து கப்பல் வருவது நின்று, இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் கிளம்பியும் போக, 1655வாக்கில் டேனிஷ்காரர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் மிஞ்சினார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே கோட்டையைக் காத்தார். 1669இல் பேரோ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்ததாம். பதினான்கு வருடம்.

இந்தக் கதையை இதுவரை நான் ஒரு தனிமைக் கதையாகவே சொல்லிவந்தேன். ஆளில்லாத துறைமுகம், அடிவானத்தையே பார்த்துக்கொண்டு ஒருவன். அன்று இரவு, கொசுவர்த்தி வாசனையில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, மகளின் கேள்வி அந்தக் கதைக்குள்ளும் போய்விட்டது. ஆளில்லாத துறைமுகமா? அந்தப் பதினான்கு வருடமும் தினம் விடியற்காலையில் கோட்டைக்கு முன்னால் கட்டுமரம் இறங்கியிருக்கும், வெயில் ஏறும்போது திரும்பி வந்திருக்கும். கரையில் மீன் கூறு போட்டிருப்பார்கள். கப்பல்தான் வரவில்லை, கடலில் போக்குவரத்து நிற்கவில்லை. ஒரு ஊர் துறைமுகமாக இருந்ததா செத்ததா என்பதை ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பலை எண்ணியே நான் முடிவு செய்திருக்கிறேன். கோட்டை அருங்காட்சியகத்தின் பலகைகளும் ஏறக்குறைய அப்படித்தான் பேசுகின்றன. ஆனால் பலகை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

"அப்ப ஏது துறைமுகம்?"

மறுநாள் சாயங்காலம் கரையோரமாக நடந்தோம். இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், மூச்சுக்கு நல்லது என்று ஊரில் பலரும் சொல்வார்கள். தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. படகுகள் ஏற்றிப் போட்டிருந்த இடத்தில், ஒரு பைபர் படகின் நிழலில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். வலது கையில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி. கண்ணியின் அளவு பார்க்க அளவுகோல் எதுவும் இல்லை, இடது கை விரல்தான். பேசிக்கொண்டே கட்டுகிறார், கண் வலையில் இல்லை. மகள் குந்தி உட்கார்ந்து அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு தொடங்க வேண்டுமே என்று, "பழைய துறைமுகம் எந்த இடத்துல இருந்துச்சுங்கய்யா?" என்றேன்.

"துறைமுகமா? இப்பதானே தம்பி கட்டியிருக்காங்க. போய்ப் பாக்கலியா?"

"அது இல்லைங்க. அந்தக் காலத்துல. டேனிஷ்காரங்க இருந்தப்ப."

"அப்ப ஏது துறைமுகம்?" கடலுக்குள் பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கப்பல் அங்க தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கிட்ட வந்தா தரை தட்டிடும்ல? நம்ம ஆளுவதான் போய் ஏத்திக்கிட்டு வரணும். இந்தக் கரையில எப்பவும் அப்படித்தான். நாங்க இறங்குறோமே, அதே மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. இதெல்லாம் நான் படித்ததுதான், தனித்தனியாக. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது என்று படித்திருக்கிறேன். சென்னையிலேயே 1881 வரைக்கும் துறைமுகம் இல்லாமல்தான் வியாபாரம் நடந்தது, கப்பல் கடலில் நிற்க, ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்த மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன என்று படித்திருக்கிறேன். ஆணி அடித்த படகு அலை அடித்தால் உடையும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். பாண்டிச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் சலங்கு, சலங்கு என்று வருவதும் இப்படிக் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஓடிய படகுதான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாடைக்காற்றுக்குப் பயந்து கப்பல்கள் இந்தக் கரையையே விட்டு ஓடிவிடும். இவ்வளவும் தெரிந்த ஒருவன், கோட்டை மதிலில் நின்று பார்க்கும்போது மட்டும், கண்ணுக்கு முன்னால் இருப்பது வெறும் பீச் என்றும் துறைமுகம் எங்கோ புதைந்துகிடக்கிறது என்றும் எப்படி நினைத்தான்?

வடக்கே கொஞ்ச தூரத்தில் பூம்புகார். அங்கே கதை வேறு. பாயைக்கூட இறக்காமல், பாரத்தைக் குறைக்காமல் பெரிய கலங்கள் புகாருக்குள் நுழைந்தன என்று புறநானூற்றின் 30ஆம் பாட்டில் வருகிறது. காவிரி வாய் அன்று அவ்வளவு ஆழம் போலிருக்கிறது. அப்படி நுழைவதை ஒரு பாட்டில் வியந்து சொல்லியிருக்கிறார்கள் என்றால், மற்ற இடங்களில் அது நடக்காது என்றுதானே அர்த்தம்? என் மண்டையில் இருந்த 'துறைமுகம்' புகாரும் ராயபுரமும் சேர்ந்த ஒன்று. தரங்கம்பாடி அந்த வகையே இல்லை.

பெரியவர் அதற்குள் மகளிடம் பேச ஆரம்பித்திருந்தார். எனக்குச் சொன்னதைவிட அவளுக்கு நன்றாகச் சொன்னார். "அங்க பாரு பாப்பா, அந்த வெள்ளைக்கோடு. அங்கதான் அலை மொதல்ல உடையும். இந்தாண்ட ஒண்ணு, அது ரெண்டாவது ஒடைப்பு. இந்த ரெண்டையும் தாண்டிட்டா அந்தாண்டை கடல் சும்மா கிடக்கும். தாண்டுற வரைக்கும்தான் பாடு."

"எப்படித் தாண்டுவீங்க?"

"பெரிய அலை வரிசையா வரும். மூணு வரும்னு வச்சுக்க. அது போனதும் கடலுக்குக் கொஞ்சம் அசதி வரும். அந்த அசதியில தள்ளிடணும்."

அசதி. நான் இதுவரை கடலோடு சேர்த்துக் கேட்காத சொல். மகள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றாவதுக்குப் பின்னாலும் பெரிதாக ஒன்று வந்தது. "தாத்தா, நாலாவது வருது!"

"எண்ணிக்கிட்டு நிக்கக் கூடாது. பாத்துக்கிட்டு நிக்கணும். ஒரு நாளைக்கு மூணு, ஒரு நாளைக்கு அஞ்சு. காத்தும் நீவாடும், அதான் கடல் நீரோட்டம், மாறுனா அதுவும் மாறும். எண்ணுனவன் மூஞ்சில அடிச்சிருக்கு."

அவள் பார்த்தாள். ஒரு அரை மணி நேரம், கைப்பேசி கேட்காமல், தின்ன எதுவும் கேட்காமல். கடைசியில் ஓர் இடத்தில் உண்மையாகவே கடல் தளர்ந்தது. அலை இருந்தது, ஆனால் உடையவில்லை; வெள்ளைக்கோடு அப்படியே அழிந்து, கரையிலிருந்து அந்தாண்டை வரைக்கும் ஒரே பச்சை நிறத்தில் ஒரு வழி திறந்ததுபோல் தெரிந்தது. மெதுவாக இருபது எண்ணும் நேரம் இருக்கலாம். அப்புறம் மறுபடியும் வெள்ளை. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இப்ப இருந்துச்சு துறைமுகம். போயிடுச்சு."

பெரியவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், சுங்கம் வாங்கினார்கள், துணி மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதினார்கள். ஆனால் அந்த மூட்டை ஒவ்வொன்றும் இப்படித் திறந்து மூடும் ஒரு வழியில்தான் கப்பலுக்குப் போயிருக்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த கண் இந்தக் கரையில் இருந்தவர்களுடையது. சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய இடம் என்று கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. காலையில்தான் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அவர் கால் பட்ட இடத்துக்குக் கல் இருக்கிறது. அலை தாண்டி அவரைக் கொண்டுவந்தவர்கள் யார் என்று அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை. பெரியவரின் பெருவிரலைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

ஊரின் பெயரைப் பற்றியும் கேட்டேன். தரங்கம் என்றால் அலை, தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாப் புத்தகங்களெல்லாம் சொல்கின்றன. கல்வெட்டில் சடங்கன்பாடி என்று இருப்பதால் இந்த விளக்கத்தின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். பெரியவர் கல்வெட்டுக்கெல்லாம் போகவில்லை. "பாடுதாமா? ராத்திரி ரெண்டு மணிக்குப் படகை வச்சுக்கிட்டு நடுவுல நின்னு கேக்கச் சொல்லுங்க. நல்லாப் பாடும்."

சுவர் வந்த பிறகு

இங்கே நான் நிறுத்தியிருந்தால் இது ஒரு அழகான கதையாக இருந்திருக்கும். அலையை அறிந்த மக்கள், கல்லை நம்பிய அந்நியர்கள் என்று. எனக்கு அந்தப் பக்கம் சாயும் ஆசை நிறையவே இருந்தது. "அப்ப புதுத் துறைமுகம் தேவையில்லைன்னு சொல்லுங்க" என்று, நான் எதிர்பார்த்த பதிலைச் சேர்த்தே கேட்டேன்.

அவர் வேட்டியைக் கொஞ்சம் விலக்கி முழங்காலைக் காட்டினார். கோணலாக ஆறிய ஒரு வடு. படகுக்கும் மணலுக்கும் நடுவில் கால் மாட்டியது, இருபத்தைந்து வயதில். கூட வந்தவருக்கு இடுப்பு. கரைக்கு வரும்போதுதான் ஆபத்து, போகும்போது அவ்வளவு இல்லை, மீன் பாரத்தோடு வரும்போது பின்னாலிருந்து அலை தூக்கினால் படகு குறுக்கே திரும்பிவிடும் என்றார். "தேவையில்லன்னு யாரு சொன்னா? இன்னும் முன்னாடியே கட்டியிருக்கணும். என் பேரன் அங்கதான் படகு விடுறான். முட்டிக்கு மேல அவனுக்குத் தண்ணி படுறதில்ல." அலையைப் பார்க்கும் அந்தக் கண் பேரனுக்கு வருமா என்று கேட்க வாய் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அது என் கவலை, அவருடையது இல்லை.

இரண்டாயிரத்து நாலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அன்னிக்கு அசதியும் இல்ல, வரிசையும் இல்ல." ஊர் அன்று நூற்றுக்கணக்கில் பறிகொடுத்தது. கட்டுமரங்கள் போய் இந்த பைபர் படகுகள் மொத்தமாக வந்ததும் அதற்குப் பிறகு வந்த நிவாரணத்தில்தான். பேச்சு வேறு பக்கம் போனது.

அங்கிருந்து புதிய மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய சுவர், உள்ளே ஆடாத தண்ணீர். மகளுக்கு ஒரே குஷி. "இது!" என்றாள். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஒன்றில் இன்ஜினைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். ஒன்றில் இரண்டு பையன்கள் அடித்தட்டைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டீசல், பெயின்ட், காய்ந்த மீன், மூன்றும் கலந்த வாசனை. அலைச் சத்தம் சுவருக்கு அந்தப்புறம் எங்கேயோ கேட்டது. சுவர் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று இல்லை. இந்தக் கரையில் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு பாண்டிச்சேரி தன் மணற்கரையைத் தொலைத்தது இப்படித்தான். கோயிலின் முன்பகுதியைத் தின்ற கடலுக்கு இங்கே இனி எந்தப் பக்கம் பசி எடுக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கூடவே அந்த முழங்காலும் நினைவில் இருந்தது. இரண்டையும் தராசில் வைக்கும் வேலை எனக்கு யாரும் தரவில்லை.

கிளம்பும் காலை

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வேன். ஐந்தரைக்கே மகள் என்னை எழுப்பிவிட்டாள். "அசதி பாக்கப் போலாம்." சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு ஓடினோம். முக்கால்வாசிப் படகுகள் முன்பே போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும் என்ன காரணத்தாலோ தாமதமாகி, நான்கு பேர் அதை மணலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பார்த்த பெரியவர் அங்கே இல்லை.

படகின் முன்பாதி தண்ணீரில் மிதந்தது. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் பின்னால் இன்ஜினில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். யாரும் பேசவில்லை. யாரும் எண்ணவும் இல்லை. அலை வந்தால் முன்மூக்கு எழும், விழும், அவர்களும் சேர்ந்து எழுந்து விழுவார்கள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டத்தில் அவளே மெதுவாக, "இப்ப" என்றாள். அவர்கள் அசையவில்லை. அடுத்த நொடி எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்து உடைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவர்களே ஒரு முறை தள்ளினார்கள். இன்ஜின் உறுமியது, படகு முதல் உடைப்பைத் தாண்டியது, இரண்டாவதில் முன்மூக்கு செங்குத்தாக எழுந்து பக்கவாட்டில் திரும்பி, தண்ணீரை வாரிக்கொண்டு திரும்பவும் கரைக்கே வந்தது. பின்னால் இருந்தவர் யாரையோ திட்டினார், முன்னால் இருந்தவர் சிரித்தார். ஒருவர் வெட்டிய கேன் ஒன்றை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். மறுபடியும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மனைவி போன் செய்தாள். "அம்மா ரெடி, வேன் வந்தாச்சு, எங்க இருக்கீங்க?" இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். பத்து நிமிடம் ஆனது. படகு அங்கேயே எழுந்து விழுந்துகொண்டிருந்தது. வேன்காரர் தெருமுனைக்கே வந்து ஹாரன் அடிக்க, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அவள் முன்னால் பார்க்கவே இல்லை, முழுத் தூரமும் பின்பக்கமாகத் திரும்பியே வந்தாள். பொறையாறு தாண்டும்போது கேட்டாள், "இந்நேரம் போயிருப்பாங்களாப்பா?"